இரவுச் சமையலை இலேசாக்கும் முறை: வேகாத எடையும் வெந்த எடையும்

இரவில் வெளியே எதுவும் சாப்பிடாமல் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டும் எடை சிறிதும் இறங்கவில்லையே என்று ஆறு வாரங்கள் திகைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிழையாகக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காய் நறுக்கவும் அரிசி வேகவைக்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுவதால் அவற்றை விளக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், சிறுநீரக நோய்க்காக உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவின் அளவை மாற்றக் கூடாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டிருக்கும். உணவை மட்டும் குறைத்தால் உறக்கத்திலேயே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

தேவையான கருவிகள்

ஒரு மின்னணு சமையலறைத் தராசு போதும். ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சுழியத்துக்குக் கொண்டுவரும் பொத்தான் இருக்க வேண்டும். பாத்திரத்தோடு சேர்த்து வைத்தாலும் தாங்க வேண்டும் என்பதால் 5 கிலோ வரை நிறுக்கக்கூடியதாகப் பாருங்கள். இதனுடன் 5 மில்லி அளவுக்கரண்டி ஒன்றும், அகன்ற, அடி கனமான இரும்பு வாணலி ஒன்றும் வேண்டும். காற்றில் பொரிக்கும் ஏர் ஃபிரையரை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் சமைப்பவருக்கு அது பயன்படும். மூன்று நான்கு பேருக்கான காய் அதன் சிறிய கூடையில் ஒரே அடுக்காகக் கொள்ளாது என்பதால் நான் வாணலியையே விரும்புகிறேன்.

படி 1: மூன்று இரவுகள் எதையும் மாற்றாமல் அளந்து எழுதுங்கள்

எண்ணெயை அளக்க எளிய வழி உண்டு. எண்ணெய்ப் புட்டியைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். வழக்கம்போலச் சமையலில் ஊற்றிவிட்டுப் புட்டியை மீண்டும் தராசிலேயே வையுங்கள். கழித்தல் குறியோடு தோன்றும் எண்தான் வாணலிக்குள் போன எண்ணெய். முதல் நாள் எனக்கு அது 38 என்று காட்டியது. நான் ஊற்றியது இரண்டு கரண்டிகூட இருக்காது என்று சத்தியமே செய்திருப்பேன்.

கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரியும், மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரியும் உண்டு என்ற கணக்கை அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் (1844–1907) வகுத்துத் தந்தார். இன்றும் உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் கலோரி பெரும்பாலும் அந்தக் கணக்கை ஒட்டியதே. அதன்படி 38 கிராம் எண்ணெயில் 342 கலோரி இருக்கிறது. அது 260 கிராம் சோற்றுக்குச் சமம். சோறு வயிற்றை நிரப்பும். காயில் ஊறிப்போன எண்ணெய் கண்ணுக்கே தெரியாது.

படி 2: எண்ணெயை ஆளுக்கு 5 மில்லியாக வையுங்கள்

ஐந்து மில்லி எண்ணெய் ஏறத்தாழ 4.5 கிராம், 40 கலோரி. எண்ணெயே இல்லாமல் சமைக்க முயல வேண்டாம். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் இறங்குகிறது. காரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளவும் சிறிது கொழுப்பு வேண்டும்.

படி 3: தானியத்தை நிறுக்கும் முன் வேகாததா வெந்ததா என்று முடிவு செய்யுங்கள்

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

கைபேசிச் செயலியில் ‘அரிசி’ என்று தேடினேன். 100 கிராமுக்கு 360 கலோரி என்று வந்தது. இரவில் தானியத்துக்கு 250 கலோரி ஒதுக்கியிருந்ததால், தட்டில் 70 கிராம் சோற்றை நிறுத்துப் போட்டுக்கொண்டேன். ஆனால் 360 என்பது வேகாத அரிசியின் எண். அரிசி வேகும்போது தன் எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தண்ணீரை ஏற்றுக்கொள்வதால், 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரிதான் இருக்கும். ஆக, 250 கலோரி சாப்பிடுவதாக எண்ணி நான் தினமும் சாப்பிட்டது 90 கலோரி. விளைவு என்னவென்றால், இரவு பத்தரை மணிக்குப் பசி தாங்காமல் அலமாரியைத் திறந்து ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையை நின்றுகொண்டே தின்பேன். பிறகு இன்னொரு பிடி. ஐம்பது கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 290 கலோரி. குறிப்பேட்டில் அது ஒரு நாளும் ஏறவில்லை. எண்ணெயை அளக்காமல் விட்டு, சோற்றைத் தவறாக அளந்து, அந்தப் பசியைக் கடலையில் தீர்த்துக்கொண்டதுதான் ஆறு வாரக் கதை.

இதைத் தவிர்க்க நான் பின்பற்றும் முறை இது. சமைக்கும் பாத்திரத்தை வெறுமையாக நிறுத்து, அந்த எடையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். என் பாத்திரம் 1,140 கிராம். வேகாத அரிசியை நிறுத்துப் போடுங்கள், 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 540 கலோரி. வெந்ததும் பாத்திரத்தோடு நிறுங்கள். எனக்கு 1,560 வந்தது. பாத்திரத்தைக் கழித்தால் சோறு 420 கிராம். 540ஐ 420ஆல் வகுத்தால் கிராமுக்குச் சுமார் 1.3 கலோரி. 200 கலோரி வேண்டுமென்றால் 155 கிராம் போட்டுக்கொள்ளலாம். அது நான் முன்பு போட்டுக்கொண்ட 70 கிராமைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கோதுமை ரவைக்கும் சிறுதானியத்துக்கும் இதே முறை பொருந்தும்.

இறைச்சியில் இது தலைகீழாகும். எலும்பில்லாத கோழி வேகும்போது நீர் வடிந்து, 100 கிராம் 75 கிராம் அளவுக்குச் சுருங்குகிறது. வேகாத கோழிக்கான கலோரிக் கணக்கை வெந்த துண்டுக்குப் போட்டால் கணக்கு குறைத்துக் காட்டும்.

படி 4: புரதத்தை முதலில் தட்டில் வையுங்கள்

இரவு உணவில் 20 முதல் 30 கிராம் புரதம் இருந்தால் பத்தரை மணிப் பசி எனக்கு வருவதில்லை. வெந்த பருப்பு 150 கிராமில் 13 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராமும் கிடைக்கும். பருப்போடு இரண்டு முட்டை என்பதே என் வழக்கமான சேர்க்கை.

படி 5: காயை நீரில் வேகவிடாமல் சிவக்க விடுங்கள்

எண்ணெயைக் குறைத்தவுடன் காய் சவசவவென்று ஆகிவிடுகிறது என்பதே இந்த முறையைப் பலர் கைவிடும் காரணம். உண்மையில் அங்கே குறைவது சூடு. காய் பொன்னிறமாகி மணம் தருவதற்கு அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மேலே ஈரம் இருக்கும் வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே கழுவிய காயைத் துணியில் ஒற்றி உலர்த்துங்கள். அளந்த எண்ணெயை வாணலியில் ஊற்றாமல் ஒரு கிண்ணத்தில் காயின் மேல் விட்டுப் பிசறுங்கள். வாணலியில் ஊற்றினால் முதலில் விழும் துண்டுகளே எல்லா எண்ணெயையும் குடித்துவிடும். இரும்பு வாணலியை மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவைத்து, காயை ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். காலிஃபிளவரைப் போட்டால் முதலில் சொய்யென்று ஓயாமல் கேட்கும். நீர் வற்றியதும் அந்த ஒலி அடங்கி அங்கங்கே படபடக்கும். அப்போது ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தால் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடியிருக்கும். உப்பைக் கடைசியில் தூவுங்கள், முன்பே தூவினால் அது நீரை வெளியே இழுத்துவிடும். அடுப்பை அணைத்த பின் எலுமிச்சைச் சாறும் பொடித்த மிளகும் சேர்த்தால் குறைந்த எண்ணெயின் வெறுமை தெரியாது.

ஒட்டாத பூச்சு வாணலியை வெறுமையாகக் காயவைக்காதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். நான் இரும்பைச் சொல்வதற்கு இதுவும் காரணம். கத்தரிக்காய் மட்டும் இந்த முறைக்கு அடங்காது. பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சும் என்பதால் அதை முதலில் ஆவியில் அரைவேக்காடாக்கிக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

வீட்டில் மற்றவர்கள் எடை குறைக்க வேண்டியதில்லை என்றால் இரண்டு சமையல் செய்ய வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அனைவருக்கும் குறைந்த எண்ணெயில் ஒரே காயைச் செய்து, தேவைப்படுபவரின் தட்டில் மட்டும் மேலே எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, சோற்றையும் கூட்டிவிடலாம். வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் குறைந்த அளவைத் தர வேண்டாம்.

திடீரென்று முட்டைக்கோசும் பருப்பும் அதிகமாகச் சாப்பிட்டதில் வயிறு உப்பிப்போனதாக இருவர் எழுதியிருந்தனர். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாமல், காயின் அளவை இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

இலேசாகச் சாப்பிட்ட மறுநாள் காலையில் எடை ஒரு கிலோ கூடியிருந்தது ஏன் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. முந்தைய இரவு உப்பு கூடியிருந்தால் உடல் நீரைப் பிடித்து வைக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேரும். ஒரு நாள் எடையைப் பார்த்து உணவை மேலும் குறைக்காமல், தினமும் காலையில் நிறுத்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். உப்பைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு.

கடைசியாக, குக்கரில் சோறு குழைய வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீர் கூடுதலாக ஏறுவதால் 150 கிராம் அரிசி 420க்குப் பதில் 480 கிராம்கூட வரலாம். அப்போது அதே 200 கலோரிக்கு 178 கிராம் போட்டுக்கொள்ளலாம். ஆகவே 1.3 என்ற என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பாத்திரத்தில் நிறுத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.