நிலவைக் கொண்டு ஈர்ப்பு விதியைச் சரிபார்ப்பது எப்படி?

வட்ட இயக்கத்தையும் ஈர்ப்பையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவர்களுக்கு, இரண்டும் எங்கே இணைகின்றன என்பது எளிதில் பிடிபடுவதில்லை. ஒரு தாளும் சாதாரணக் கால்குலேட்டரும் இருந்தால், அந்த இணைப்பை நிலவை வைத்து நாமே கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் செய்து காட்டிய சோதனையும் அடிப்படையில் இதுதான்.

படி 1: முடுக்கம் எங்கே இருக்கிறது?

சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றும் பொருளின் வேகம் மாறுவதில்லை. ஆனால் அது செல்லும் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. திசை மாறினாலே திசைவேகம் மாறுகிறது என்பதால், அந்தப் பொருளுக்கு முடுக்கம் உண்டு. அது எப்போதும் வட்டத்தின் மையத்தை நோக்கியே அமைவதால் மையநோக்கு முடுக்கம் எனப்படுகிறது.

மையநோக்கு முடுக்கம் = வேகம்² ÷ ஆரம்

இந்த முடுக்கத்தைத் தருவதே மையநோக்கு விசை. ஆனால் அது தனியொரு விசை வகை அன்று. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குக் கயிற்றின் இழுவிசை அந்த வேலையைச் செய்கிறது; நிலவுக்கு பூமியின் ஈர்ப்பு செய்கிறது. எனவே விசைப்படம் வரையும்போது ஈர்ப்புக்கு ஓர் அம்புக்குறி போட்டபின், மையநோக்கு விசைக்கென்று இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. தேர்வுத் தாள்களில் மதிப்பெண் குறைவதற்கு இந்தக் கூடுதல் அம்புக்குறியே போதும்.

படி 2: நிலவின் வேகம்

பூமியின் மையத்திலிருந்து நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. அதன் பாதை சற்றே நீள்வட்டமானது. நம் கணக்கிற்கு வட்டம் என்றே கொள்வோம். சுற்றுக்காலமாக 27.32 நாட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழுநிலவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட 29.53 நாட்களை எடுத்தால் விடை தவறிவிடும். பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டிருப்பதால்தான் அந்த இடைவெளி நீள்கிறது.

27.32 நாட்கள் என்பது 23,60,448 நொடிகள். வட்டத்தின் சுற்றளவை இதனால் வகுத்தால், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,023 மீட்டர்.

படி 3: நிலவின் முடுக்கம்

1,023-ஐ வர்க்கப்படுத்தி, மீட்டரில் எழுதிய ஆரமான 38,44,00,000-ஆல் வகுத்தால் 0.00272 மீ/நொடி² கிடைக்கும். இது எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள்: ஒரு நொடியில் நிலவு ஒரு கிலோமீட்டருக்கு மேல் முன்னேறுகிறது, அதே நொடியில் தன் நேர்கோட்டுப் பாதையிலிருந்து பூமியை நோக்கி 1.4 மில்லிமீட்டர் அளவே விலகி விழுகிறது. அந்தச் சிறு வீழ்ச்சி இடைவிடாமல் தொடர்வதால்தான் பாதை வளைந்து வட்டமாகிறது.

படி 4: ஈர்ப்பு விதி என்ன சொல்கிறது?

ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தரையில், அதாவது பூமியின் மையத்திலிருந்து 6,371 கி.மீ. தொலைவில், முடுக்கம் 9.8 மீ/நொடி². நிலவு அதைப்போல் 60.3 மடங்கு தொலைவில் இருக்கிறது, 60.3-இன் வர்க்கம் ஏறத்தாழ 3,640. எனவே 9.8 ÷ 3,640 = 0.00269.

படி 5: மீதமுள்ள ஒரு சதவீதம்

0.00272, 0.00269 ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறு வேறுபாட்டிற்கும் காரணம் இருக்கிறது. நிலவும் பூமியை ஈர்க்கிறது. ஆகவே இரண்டுமே ஒரு பொது நிறைமையத்தைச் சுற்றி வருகின்றன. நிலவின் நிறை பூமியின் நிறையில் ஏறத்தாழ 81-இல் ஒரு பங்கு என்பதால், அந்தப் புள்ளி பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கி.மீ. தொலைவில், பூமிக்கு உள்ளேயே அமைகிறது.

ஆகவே ஈர்ப்பு விதியில் 3,84,400 கி.மீ. என்ற முழுத் தொலைவையே வைக்க வேண்டும். ஆனால் வட்ட இயக்கத்தின் ஆரமாக, நிறைமையத்திலிருந்து நிலவு வரையுள்ள 3,79,730 கி.மீ.-ஐ (3,84,400 − 4,670) வைக்க வேண்டும். இந்த ஆரத்தைக் கொண்டு இரண்டாம், மூன்றாம் படிகளை மறுபடியும் செய்தால், நிலவின் முடுக்கம் 0.00269 என்றே வரும்.