பகலில் குளிராத மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜ்: என் அனுபவம்

ஜூலை வெயிலில் ஃபீனிக்ஸிலிருந்து எல் பாசோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மோட்டார்ஹோமில், அதாவது வீடு போலத் தங்கும் வசதியுள்ள வண்டியில், கிளம்பினோம். டூசான் வருவதற்குள் பால் திரிந்துவிட்டது. ஃபிரிட்ஜை ஓட்டும் கேஸ் சிலிண்டரை மாற்றினேன், கதவு ரப்பரை மாற்றினேன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்தேன். அங்கேயே மூன்று நாள் வீண்.

ராத்திரியில் மட்டும் ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்தது. துப்பு அதில்தான் இருந்தது. இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. குளிர்விப்பதற்காக உள்ளே சுற்றும் அம்மோனியா விடும் சூடு பின்பக்கம் காற்றோடு மேலே போயாக வேண்டும். வண்டியின் வெளிப்பக்க மூடியைக் கழற்றினால், உள்ளே இருந்த சின்ன 12 வோல்ட் விசிறி சுற்றவே இல்லை. அதிர்வில் ஒயர் கழன்றிருந்தது! அதை மாட்டினேன். அப்புறம் அந்தப் பக்கம் வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். மறுநாள் மதியம் உள்ளே 4 டிகிரி. அப்பாடா என்றிருந்தது.