ஆடி முடித்தபின் பயிற்சியாளராவது எப்படி: சந்திரகாந்த் பண்டிட் காட்டும் வழி

லீக் ஆட்டங்களிலோ மாநில அணியிலோ சில ஆண்டுகள் ஆடிவிட்டுப் பயிற்சியாளராக விரும்புகிறவர்கள், முதலில் சந்திரகாந்த் பண்டிட்டின் வாழ்க்கையைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மும்பையின் விக்கெட் கீப்பரான அவர் இந்தியாவுக்காக ஆடியவை 5 டெஸ்ட், 36 ஒருநாள் ஆட்டங்கள் மட்டுமே. ஆனால் பயிற்சியாளராக மும்பை, விதர்பா, மத்தியப் பிரதேசம் என்று மூன்று அணிகளுக்கு, உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையை ஆறு முறை வென்று தந்திருக்கிறார்.

இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பயிற்சியாளர் தேர்வுகளைப் படிப்படியாக எழுதித் தேறுவது அவசியம். அதை யாரும் சொல்லித்தந்துவிடுவார்கள். இனி வருவதை நீங்களேதான் செய்ய வேண்டும்.

உங்கள் ஆட்ட வாழ்வில் உங்களை மிகவும் வருத்திய தோல்வியை எடுத்து, ஒவ்வொரு வேளை ஆட்டமாக (உணவு, தேநீர் இடைவேளைகளுக்கு இடைப்பட்ட பகுதியாக) பிரித்து எழுதுங்கள். பண்டிட்டுக்கு அது 1999ஆம் ஆண்டு பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்த ரஞ்சி இறுதி ஆட்டம். அவர் தலைமையேற்ற மத்தியப் பிரதேசம் கர்நாடகத்தைவிட முதல் இன்னிங்ஸில் 75 ஓட்டங்கள் முன்னிலை பெற்றிருந்தது. ரஞ்சி இறுதி ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்ற அணிக்கே கோப்பை என்பதால், கடைசி நாளில் விக்கெட்டுகளைக் காத்து நின்றிருந்தாலே போதும். ஆனால் 247 என்ற இலக்கின் முன் அணி 150 ஓட்டங்களுக்குச் சுருண்டது. எந்த நேரத்தில் எந்த அடி தேவையற்றதாக இருந்தது, அப்போது மட்டையாளரிடம் யார் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், வலைப்பயிற்சியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது தானே புலப்படும்.

2020இல் அதே மத்தியப் பிரதேசத்துக்குப் பயிற்சியாளராக வந்த பண்டிட், 2022 ஜூனில் அதே மைதானத்தில் மும்பைக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்குத் தம் அணியைக் கொண்டுவந்தார். மும்பை எடுத்த 374க்குப் பதிலாக யஷ் துபே, சுபம் சர்மா, ரஜத் பட்டிதார் ஆகிய மூவரும் சதமடிக்க, அணி 536 ஓட்டங்கள் குவித்து, பிறகு ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்ணீர் விட்டதைப் பார்த்த எவரும் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். இதிலிருந்து உங்கள் பயிற்சிக்கு நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வலையில் ஒரு மட்டையாளருக்குப் பத்து நிமிடம் கொடுத்து அனுப்பிவிடாமல், ஒரு முழு வேளையும் ஆட்டமிழக்காமல் நிற்கும் பயிற்சியை வாரம் ஒரு முறையாவது வையுங்கள்.

அடுத்து, எந்த அணிக்குப் போகிறீர்களோ அதன் வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள். கோப்பைகளுக்குப் பழகிய மும்பைக்கும், 2017-18க்கு முன் ரஞ்சிக் கோப்பையை ஒருமுறைகூட வென்றிராத விதர்பாவுக்கும் ஒரே பேச்சு பொருந்தாது. அந்தப் பருவத்தில் விதர்பா கொல்கத்தாவில் கர்நாடகத்தை அரையிறுதியில் 5 ஓட்டங்களில் வீழ்த்தி, இந்தூரில் டெல்லியை வென்று கோப்பையை எடுத்தது, மறுபருவத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. அனுபவம் மிக்க வாசிம் ஜாஃபர் போன்றவரும் இளைஞர்களும் கலந்த அணி அது. இத்தகைய அணியில் மூத்தவருக்கு ஒரு விதி, இளையவருக்கு ஒரு விதி என்று வைத்தால் கண்டிப்பு ஒரு வாரம்கூடத் தாங்காது.

பண்டிட்டின் கண்டிப்பு எல்லோரும் அறிந்தது. ஆனால் அதை மட்டும் நகலெடுப்பவர்கள் தவறுகிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரே அணியோடு வாழும் மாநிலக் கிரிக்கெட்டில் பலன் தந்த அந்த முறை, சில வாரங்களுக்குக் கூடிக் கலையும் ஐபிஎல் அணியான கொல்கத்தா நைட் ரைடர்ஸின் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சிலருக்கு உவப்பாக இல்லை என்ற பேச்சும் எழுந்தது. முன்னாள் இந்திய வீரர் கௌதம் கம்பீர் வழிகாட்டியாக இணைந்த 2024இல் பண்டிட் பயிற்சியளித்த அதே அணி ஐபிஎல் கோப்பையை வென்றது. ஆகவே வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரரிடம், அவர் எப்படிப் பயிற்சி பெற்றுவந்தார் என்பதைக் கேட்டறிந்த பிறகே உங்கள் விதிகளைச் சொல்லுங்கள்.