கொடைக்கானலை நடந்தே சுற்றும் குடும்பங்கள் ரோட்டில் செய்யக்கூடாத தவறுகள்

குறைந்த செலவில் பிள்ளைகளோடு இரண்டு நாள் கொடைக்கானலில் இருக்க வேண்டுமென்றால் நடந்து சுற்றுவதுதான் நல்ல வழி. ஏரியைச் சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், அதற்குக் காசே வேண்டாம். மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்குக்கும் பிரையண்ட் பூங்காவுக்கும் கட்டணம் பெரிதாக இருக்காது, இரண்டுமே பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வாரச்சந்தைக்குப் போகலாம். பூம்பாறைக்கு அரசு பஸ் ஏறினால் குழந்தை வேலப்பர் கோயிலையும், மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிற பூண்டுத் தோட்டங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸும் (ஆன்லைனில் வாங்கும் நுழைவு அனுமதி) தேவையில்லை. 2024 மே 7 முதல் வெளியூரிலிருந்து காரிலோ வேனிலோ வருகிறவர்களுக்குத்தான் அது.

சரி, நடக்கலாம். ஆனால் நடந்து போகிறவர்களிடம் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது: ரோட்டில் என்ன நடந்தாலும் தப்பு வண்டிக்காரர் மேல்தான், சட்டம் நம் பக்கம்தான். முதலில் விடவேண்டிய தவறு இந்த நினைப்பு. வண்டி ஓட்டுகிறவருக்குப் பொறுப்பு அதிகம் என்பது உண்மை, ஜீப்ரா கிராசிங்கில் நடப்பவருக்கு வழிவிட வேண்டியவர் அவர்தான். அதற்காக நடப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்பதே, அடிபட்டவர் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்து நடந்தார் என்பதைத்தான். அவருடைய அலட்சியமும் விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தால் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தொகை வரும். பத்து லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் முப்பது சதவீதம் உங்கள் தவறு என்றால் கைக்கு வருவது ஏழு லட்சம். சிறு குழந்தைகள் மேல் இப்படிப் பழி போட நீதிமன்றங்கள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை, பெரியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. செல்பி எடுக்க ஒருவர் திடீரென்று நடுரோட்டுக்கு வருகிறார், அவரைக் காப்பாற்ற வண்டியை ஒடித்த பைக்காரர் விழுந்து கால் முறிந்துவிடுகிறது என்று வையுங்கள். பொதுவழியில் அடுத்தவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அலட்சியத்தால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பற்றிய 125-ஆம் பிரிவிலோ, பலத்த காயம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் என்று இரண்டிலும் எழுதியிருக்கவில்லை. பைக்காரர் நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டால் வண்டிக்காவது இன்சூரன்ஸ் இருக்கும், நடந்து போனவர் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கக் கிளம்பிய பயணத்தில் இப்படி ஒரு செலவு எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

இப்படித் திடீரென்று ரோட்டுக்குள் வருவது அதிகம் நடக்கக்கூடிய இடம் வத்தலக்குண்டு மலைப்பாதையில் இருக்கிற வெள்ளி அருவி. ரோட்டை ஒட்டியே அருவி. ஒரு பக்கம் வேன் நிற்கும், இன்னொரு பக்கம் கடைகள், குரங்கைப் பார்த்துப் பயந்த பிள்ளை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. ரோட்டைக் கடப்பதற்கு முன் பிள்ளையின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், உதறினாலும் கை நழுவாது. நிற்கிற வேனுக்கு முன்னால் புகுந்து கடக்காதீர்கள், இறக்கத்தில் வருகிற டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்க ஓரமாக நின்றால் பத்திரம் என்று நினைப்பதும் தவறுதான். நீளமான பஸ் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. வளைவின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ரோட்டின் விளிம்பைத் தொட்டபடி வரும். முன்பக்கம் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக நிற்கிறவரைத்தான் அது நெருக்கும். டிரைவரோ எதிரே வரும் வண்டியில் கண்ணாக இருப்பார். வளைவில் நிற்கவே வேண்டாம், நேர் ரோடு வரும்வரை நடந்துவிடுங்கள்.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் நிலைமையே வேறு. கறுப்பு ஸ்வெட்டர், காதை மூடிய குரங்குக் குல்லா, குடை, நாலு பேர் வரிசையாகக் கைகோத்து நடப்பது, எல்லாம் சேர்ந்தால் வண்டி வருவது உங்களுக்கும் கேட்காது, நீங்கள் நடப்பது டிரைவருக்கும் தெரியாது. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டால் போதும்.

ஏரி ரோட்டில் வாடகை சைக்கிளும் குதிரையும் உண்டு. அவை மோதினால் மேலே சொன்ன தீர்ப்பாயம் உதவாது, அது மோட்டார் வண்டி விபத்துக்கு மட்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் வண்டி மோதிவிட்டால், அப்புறம் நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். அடி லேசாகத் தெரியும், டிரைவர் இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணிப்பார், ஊர் சுற்ற வந்த இடத்தில் போலீஸ் ஸ்டேஷன் எதற்கு என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊருக்குப் போனபின் முட்டி வீங்கி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தசைநார் கிழிந்திருக்கும். எஃப்.ஐ.ஆர். இல்லை, ஆஸ்பத்திரியில் விபத்து என்று பதிவு இல்லை, வண்டி நம்பர்கூடத் தெரியாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வண்டி நம்பரையும் ரோட்டையும் போட்டோ எடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி டிரைவரின் கடமை, போலீசுக்குத் தகவல் சொல்வதும்தான். ஆஸ்பத்திரியில் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாமல் வண்டி மோதியதாகவே சொல்லிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் புகார் கொடுங்கள். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். வண்டி தெரிந்தால், யார் தவறு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கேட்க முடியும். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவில் பெரிய தொகைக்குத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு செல்லாமல் போகும், அதனால் வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குக்காகக் கொடைக்கானலுக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைய வேண்டுமே என்று பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், 2019-இல் வந்த சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள்.