முக்கோணத்தை நம்பாதீர்கள்: புது ஊரில் குப்பை பிரிக்கும் கதை

குடிவந்த இரண்டாவது வாரம், எங்கள் மறுசுழற்சித் தொட்டியை மட்டும் காலி செய்யாமல் வாசலிலேயே விட்டுப் போயிருந்தார்கள். மூடியில் ஒரு ஸ்டிக்கர், தவறான பொருள் இருக்கிறது என்று. எது தவறு என்று சொல்லவில்லை. பாட்டில், டப்பா, காகிதம் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அழகாக வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பைதான் பிரச்சினை. அவிழ்த்துக் கொட்டுங்கள்."

பிரிக்கும் ஆலையில் வரிசையாகச் சுழலும் தண்டுகள் இருக்கும், மெல்லிய பை அவற்றில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி ஆள் ஏறி அறுத்தெடுக்க வேண்டும். ஆனால் வேறு சில ஊர்களில் அவர்களே சொல்லும் பையில் கட்டி வைத்தால்தான் எடுப்பார்கள். அதனால் முந்தைய ஊரில் பழகியதை அப்படியே இங்கே செய்யாதீர்கள். பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனாலே விதி மாறலாம், ஏனென்றால் விதியை வைப்பது நாடு மட்டும் இல்லை, உங்கள் தெருக் குப்பையை எடுக்கும் உள்ளாட்சியும் அவர்கள் அனுப்பும் ஆலையும்தான்.

அடுத்து அந்த முக்கோணம். டப்பாவின் அடியில் அம்புகளுக்கு நடுவே 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்தது இது, எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும், மறுசுழற்சிக்கு எடுப்பார்களா என்று சொல்லாது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 ஷாம்பு பாட்டில் வகை, 6 தெர்மோகோல் வகை. மக்கள் குழம்புகிறார்கள் என்றுதான் 2013-இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள், ஆனால் டப்பா வார்க்கும் பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அம்புகளையும் பார்க்கலாம். ஐரோப்பாவில் இருந்து வரும் பொருள்களில் இரண்டு அம்புகள் பின்னிய வட்டம் ஒன்றும் இருக்கும். தயாரித்தவர் பேக்கேஜிங் கழிவைச் சேகரிக்கும் திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்பதற்குமேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

சரி, எதை நம்புவது? உள்ளாட்சியின் இணையதளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடும் வசதி பல ஊர்களில் இருக்கிறது. "பிளாஸ்டிக்" என்று தேடாமல் "பற்பசைக் குழாய்" என்று தேடுங்கள். மொழி புரியாவிட்டால் தொட்டி மூடியில் ஒட்டியிருக்கும் தாளைப் போனில் படம்பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அடுக்குமாடி என்றால் பராமரிப்பாளரிடம் கேட்பது இதைவிட வேகம்.

ஏமாற்றும் பொருள்கள் சில உண்டு. கறுப்பு பிளாஸ்டிக் தட்டு நல்ல பிளாஸ்டிக்காகவே இருக்கும், ஆனால் ஆலையில் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள், அந்தக் கரி நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்குத் தட்டே தெரியாது. அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் உடைந்தால் கண்ணாடித் தொட்டிக்குப் போகக் கூடாது, பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் அது உருகாது. காகிதக் கோப்பையின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், கடை ரசீது வேதிப்பூச்சு உள்ள தாள், எண்ணெய் ஊறிய அட்டையும் பெரும்பாலும் தேறாது. 'மக்கும்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பையைப் பார்த்து மயங்க வேண்டாம், பலவும் தொழிற்கூட உரக்கிடங்கின் சூட்டில்தான் மக்கும்.

சந்தேகமாக இருந்தால் சாதாரணக் குப்பையில் போடுங்கள். நல்லெண்ணத்தில் மறுசுழற்சித் தொட்டியில் திணிப்பது, கூட இருப்பதையும் கெடுத்துவிடும்.

பேட்டரிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அப்படி எரிந்த லாரிகளும் ஆலைகளும் ஏராளம். பழைய போன் மட்டும் இல்லை, மின் பல்துலக்கி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கு எரியும் குழந்தைச் செருப்பு, எல்லாவற்றுக்குள்ளும் பேட்டரி ஒளிந்திருக்கும். குறுக்கே கோடு போட்ட தொட்டிப் படம் இருந்தால் வீட்டுத் தொட்டி எதிலும் போடக் கூடாது என்று பொருள். நான் பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, சேகரிப்பு மையத்துக்குப் போகும்போது எடுத்துப்போகிறேன். உப்பிப் போன பேட்டரியை மட்டும் சேர்த்துவைக்காதீர்கள், தீப்பற்றக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, எங்கே கொடுப்பது என்று அன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.

எல்இடி அல்லாத பழைய வகைக் குழல் விளக்கில் பாதரசம் இருக்கும், அதுவும் அதே மையத்துக்குத்தான். மிச்ச மருந்தைப் பல நாடுகளில் மருந்துக்கடையே வாங்கிக்கொள்ளும். மெத்தை, சோபா என்றால் முன்பதிவு செய்து எடுக்கச் சொல்லுங்கள், இரவோடு இரவாகத் தெருமுனையில் வைத்தால் அபராதச் சீட்டு வரும்.