நீதவான் நீதிமன்றத்தில் சிறு வழக்கு: முதல் தவணைக்குப் போகுமுன்

இலங்கையில் பொலிஸ் எழுதும் தண்டமெல்லாம் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வீதிப் போக்குவரத்துச் சிறு பிழையென்றால் 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால், சாரதி அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். பிந்தினால் இரட்டிப்பாகும். 28 நாளும் கடந்தால்தான் வழக்கு. குடித்துவிட்டு ஓட்டியது போன்ற பாரிய பிழைகள் நேரே நீதவானிடம் போகும்.

தவணையன்று, அதாவது வழக்குக் கூப்பிடும் நாளில், அடையாள அட்டை, வழக்கு இலக்கம், பிணைமுறிப் (பிணைக்குக் கையெழுத்திட்ட பத்திரம்) பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும். ஒட்டுசுட்டான், துணுக்காய் போன்ற தூர இடத்தார் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் பிடியாணை போகும், பிணையாளுக்கும் அழைப்பு வரும். பிந்திப் போனாலும் வீடு திரும்பிவிடாதீர்கள். நீதவான் எழும்புமுன் சட்டத்தரணி மூலம் முன்னிலையானால், பிடியாணையை அன்றே மீளப்பெறக் கேட்கலாம்.

குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா (குற்றமற்றவரா) என்று கேட்பார்கள். விளங்காவிட்டால் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் உள்ள பத்திரம் புரியாவிட்டால், மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை.

வன்னியில் ஆட்கள் அதிகம் இழப்பது மர வழக்கில்தான். பாலை, முதிரைக் குற்றியோடு உழவு இயந்திரம் பிடிபட்டால், "தண்டத்தைக் கட்டி முடிப்பம்" என்று சாரதி முதல் நாளே குற்றவாளி என்று சொல்லிவிடுகிறார். வனக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்போடு வாகனமும் பறிமுதலுக்கு உள்ளாகும். உரிமையாளர் வேறொருவர் என்றால், அப்படிப் பாவிக்காமலிருக்கத் தான் எடுத்த முன்னெச்சரிக்கை எல்லாவற்றையும் வாகன விசாரணையில் அவரே எண்பிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்ற ஒரு சொல் போதாது. சாரதிக்கு என்ன அறிவுறுத்தினார், எப்படிக் கண்காணித்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆகவே சாரதி வாய் திறக்குமுன் இருவரும் சட்டத்தரணியைக் காணுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் தவணைக்கு முன்பே போகவேண்டும். தவணையன்று காலையில் போனால் வழக்கைப் படிக்க அவர்களுக்கு நேரமிராது.

சரீரப் பிணைக்கு (காசு கட்டாமல் ஆள் பொறுப்பேற்கும் பிணை) வருபவர் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும். காசுப்பிணை கட்டினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு முடிந்தபின் பணத்தைத் திரும்பப் பெற அது தேவை.

தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு மனுவை அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும்.