குழந்தைகளோடு வீட்டில் படம் பார்ப்பது எப்படி? எல்லைப்புறத்துக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பனைமரங்களும் தமிழ்ப் பேச்சும் நிறைந்த கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். மாமியாருக்குத் தமிழ் மட்டுமே முழுமையாகப் புரியும்; மலையாளம் ஆண்டுக்கணக்கில் காதில் விழுந்து பழகியிருந்தாலும், வேகமாகப் பேசினால் அவரால் பின்தொடர முடியாது. பத்து வயது மகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறாள். ஐந்து வயது மகனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. கணவர் பொள்ளாச்சியில் வேலை முடித்துக் களைப்போடு வந்து உட்காருவார்.

எங்கள் முதல் முயற்சி இருபது நிமிடத்தில் முடிந்தது. படத்தை நான் முன்னதாகப் பார்த்திருக்கவில்லை. மகன் ஒரு காட்சியில் அலறி அழுதான், மாமியாருக்கு வசனம் புரியாமல் கண் சொக்கிவிட்டது, மகள் எழுந்துபோய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அதன்பின் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: படத்துக்கு முன் மொழியை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எந்த மொழியில் கிடைக்கிறது என்று பிறகு தேடுகிறார்கள். எல்லைப்புறத்து வீடுகளில் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கூடத்தில் இருப்பவர்களில் யாருக்கு மொழி மிகக் குறைவாகப் புரியுமோ, அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது சில வாரம் மாமியார், சில வாரம் மகன்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, எல்லோருக்கும் புரியும் தமிழ்ப் படம் அல்லது தமிழ் டப்பிங் உள்ள படம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடி செயலிகளில் படம் ஓடும்போது திரையில் தெரியும் ஆடியோ, சப்டைட்டில் பகுதியைத் திறந்தால் எந்தெந்த மொழிகள் இருக்கின்றன என்று தெரியும். குழந்தைகள் உட்காருவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிட வேண்டும். இரண்டாவது வழி சப்டைட்டில். வேகமாகப் படிக்கத் தெரிந்த குழந்தைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கீழே ஓடும் எழுத்து வெறும் கோடுதான்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வசனமே இல்லாத படங்களைத் தேர்ந்தெடுங்கள். சார்லி சாப்ளின் எடுத்து 1928இல் வெளிவந்த 'தி சர்க்கஸ்' மௌனப் படம். அதில் சிங்கக் கூண்டுக்குள் அவர் மாட்டிக்கொள்ளும் காட்சிக்கு எந்த மொழியும் தேவையில்லை. சர்க்கஸ் என்றதும், இந்திய சர்க்கஸின் தொட்டில் எனப்படும் கேரளத்துத் தலச்சேரியைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் ஒரு வாய்ப்பும் கிடைத்தது. 2015இல் வந்த 'ஷான் தி ஷீப் மூவி' களிமண் பொம்மைகளை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எடுத்த படம். எண்பத்தைந்து நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் மனிதர்கள்கூட முணுமுணுப்பார்களே தவிரப் பேசமாட்டார்கள். மௌனப் படங்களில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை என் மகள் படித்து, தமிழில் உரக்கச் சொல்வாள். மௌனப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையை விளக்குவது வழக்கமாக இருந்தது. 1905இல் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கி, பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பற்றி மகளிடம் சொன்னேன். அதிலிருந்து அவள் அந்த வேலையை மிகுந்த மரியாதையோடு செய்கிறாள்.

இரண்டாம் படி: சான்றிதழைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பொள்ளாச்சியில் தமிழ்ப் படம் பார்த்தாலும் பாலக்காட்டில் மலையாளப் படம் பார்த்தாலும் சான்றிதழ் வகைகள் ஒன்றே. மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்துக்கு (பேச்சு வழக்கில் இன்றும் சென்சார் போர்டு) சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும். இடையில் இருக்கும் 'யு/ஏ' பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டியது. இந்த இடைப் பிரிவு 1983இல்தான் வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அது யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய படம் ஒன்றில் வெறும் 'யு/ஏ' என்று மட்டும் இருந்தால், அது ஏழு வயதுக்கா பதினாறு வயதுக்கா என்பதைச் சான்றிதழ் உங்களுக்குச் சொல்லாது.

ஓடிடி தளங்களும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இதே போன்ற வயதுப் பிரிவுகளைக் காட்ட வேண்டும். யு/ஏ 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட படைப்புகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். படம் தொடங்கும்போது மூலையில் வயதும், அதோடு வன்முறை, கெட்ட வார்த்தை போன்ற காரணக் குறிப்பும் சில நொடிகள் தெரியும். அந்தச் சில நொடிகளில்தான் நாம் பெரும்பாலும் சுண்டல் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சான்றிதழை நான் முழுமையாக நம்புவதில்லை. 'யு' பெற்ற பழைய குடும்பப் படங்களில் மனைவியைக் கணவன் அறைவது இயல்பான காட்சியாக வந்துபோகும். அது சட்டத்தின் பார்வையில் எல்லோருக்கும் ஏற்றது. என் மகளுக்கு ஏற்றது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம் படி: நீங்கள் முன்னதாகப் பாருங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு, அல்லது பேருந்தில் போகும்போது, படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். முழுவதும் பார்க்க இயலாவிட்டால் முதல் பதினைந்து நிமிடம், இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடம், கடைசி இருபது நிமிடம் ஆகியவற்றைப் பாருங்கள். நம் படங்களில் அதிர்ச்சியைப் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வைப்பார்கள்.

திரைப்படத் தகவல்களைத் தொகுத்துத் தரும் ஐஎம்டிபி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் 'பேரன்ட்ஸ் கைடு' என்ற பகுதி உண்டு. வன்முறை, கெட்ட வார்த்தை, மது மற்றும் புகை, அச்சமூட்டும் காட்சி என்று தனித்தனியாகப் பார்வையாளர்களே எழுதியிருப்பார்கள். புகழ்பெற்ற படங்களுக்கு விரிவாக இருக்கும். சிறிய தமிழ், மலையாளப் படங்களுக்குப் பல நேரம் காலியாக இருக்கும். அதனால்தான் நம் கண்ணே தேவைப்படுகிறது.

பார்க்கும்போது பொதுவாக 'குழந்தைகள்' என்று எண்ணாமல், உங்கள் குழந்தையின் முகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் உருவத்தைக் கண்டு பயப்படுகிறார்கள்: கோரமான முகம், திடீர்ச் சத்தம், மனிதன் மிருகமாக மாறுவது. ஒன்பது பத்து வயதுக் குழந்தைகளை அந்தப் பூதம் ஒன்றும் செய்யாது. உண்மையில் நடக்கக்கூடியதுதான் அவர்களை உலுக்கும். தாய் நோயில் விழுவது, வீடு பறிபோவது, தொலைந்துபோவது போன்றவை அவை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2015இல் வெளிவந்த 'காக்கா முட்டை' சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு சிறுவர்களின் கதை என்பதால் முழுக்கச் சிரிப்பாக இருக்கும் என்று நினைத்து உட்காருபவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிறுவர்களின் தந்தை சிறையில் இருக்கிறார், சிறுவன் அடி வாங்குகிறான், பாட்டி இறந்துபோகிறார். நல்ல படம்தான், தயங்காமல் காட்டலாம். ஆயினும் அப்பத்தாவின் மடியில் தலை வைத்துப் படம் பார்க்கும் என் மகனுக்கு அந்த மரணம் எப்படி இருக்கும் என்பதை எந்த விருதும் எனக்குச் சொல்லாது. முன்னதாகப் பார்த்திருந்ததால் அந்த இடம் வரும்போது நான் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவன் அழவில்லை. அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

நான்காம் படி: கருவியைத் தயார் செய்யுங்கள்

குழந்தைகளுக்கெனத் தனிப் புரொஃபைல் உருவாக்கி வயது வரம்பைக் குறிப்பிடுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை; உங்கள் புரொஃபைலுக்கும் ரகசிய எண் (PIN) போட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை ஒரே அழுத்தில் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடும். நெட்ஃபிளிக்ஸில் இந்த எண் நான்கு இலக்கம். அங்கேயே அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

வைஃபை இல்லாமல் செல்பேசி டேட்டாவில் பார்ப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் கொள்ளுங்கள்: எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜிபி வரை செலவாகலாம், சாதாரணத் தரத்தில் ஒரு ஜிபி வரை. காற்றும் மழையுமான ஆடி மாதத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், படத்தை முந்தைய இரவே தரவிறக்கி வைத்துக்கொள்வது நிம்மதி. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் படங்களை நான் இப்போது தவிர்க்கிறேன். படம் குழந்தைகளுக்கானதாக இருந்தாலும் இடையில் வரும் விளம்பரத்தை நாம் முன்னதாகப் பார்த்து வைக்க முடியாது.

ஐந்தாம் படி: இடைவேளையை நீங்களே விடுங்கள்

திரையரங்கில் இடைவேளை உண்டு, ஓடிடியில் கிடையாது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை ஐந்து வயதுக் குழந்தை ஒரே மூச்சில் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் திரை நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆகவே வீட்டில் மிகச் சிறிய குழந்தை இருந்தால் படத்தை ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தி, மீதியை அடுத்தடுத்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'இனி என்ன ஆகும்?' என்று இரவு முழுவதும் ஆளுக்கொரு கதை சொல்வது படத்தைவிடச் சுவையாக இருப்பதும் உண்டு.

விளக்கு முழுவதும் அணைக்க வேண்டாம். தின்பண்டம் இடைவேளையில் மட்டும்: மார்கழி, தை என்றால் அவித்த பனங்கிழங்கு, மற்ற மாதங்களில் நிலக்கடலை அல்லது நேந்திரங்காய் வறுவல். வறுவலைப் படம் ஓடும்போது கொடுத்தால் வசனம் கேட்காது.

ஆறாம் படி: ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்

குழந்தைகளை உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால் அது சேர்ந்து பார்ப்பதாகாது. செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். தொடக்கத்திலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் படம் நிற்கும், காரணம் கேட்கப்படாது. முதல் வாரத்தில் என் மகன் இதைப் பதினொரு முறை சோதித்துப் பார்த்தான். மூன்றாவது வாரத்தில் உண்மையாகத் தேவைப்பட்டபோது மட்டும் சொன்னான்.

சிறு குழந்தை பயந்துவிட்டால், 'இது பொய், நடிப்பு' என்று விளக்குவதில் பெரிய பலனில்லை. ஒலியைக் குறைப்பது, விளக்கைப் போடுவது, அணைத்துக்கொள்வது, தேவைப்பட்டால் வெளியே தூக்கிப்போவது ஆகியவைதான் அந்த வயதுக்கு உதவும். எட்டு வயதுக்கு மேல் பேச்சு உதவும்: அந்த ரத்தம் எப்படிச் செய்கிறார்கள், கீழே விழுபவர் எங்கே கயிறு கட்டியிருக்கிறார் என்றெல்லாம் சொல்லலாம். புகைபிடிக்கும் காட்சியில் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் வரும்போது, 'கெடுதல் என்று எழுதிவிட்டு ஏன் பிடிக்கிறார்?' என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். படத்தை நிறுத்திப் பதில் சொல்ல முயன்றேன். அவளுடைய அப்பாதான் சற்று நெளிந்தார்.

ஏழாம் படி: படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி

'இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். 'எந்த இடத்தை இன்னொரு முறை பார்க்கலாம்?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காட்சியைத் திரும்ப ஓட்டுங்கள். 1997இல் வந்த ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடும் அண்ணன் தங்கையின் கதை. அதைப் பார்த்து முடித்ததும் மகள் ஓட்டப்பந்தயத்தைக் கேட்டாள், மகன் சோப்பு நுரை ஊதும் காட்சியைக் கேட்டான். மாமியாரோ, அந்தச் செருப்பு தைப்பவரை இன்னொரு முறை காட்டச் சொன்னார். அவருடைய ஊரில் அதே போல் ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். அவரைப் பற்றிய கதை அன்று இரவு சாப்பாடு முடியும் வரை நடந்தது.

அடுத்த வாரப் படத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதை அன்றே நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் முறை சுற்றி வரும். இந்த வாரம் அப்பத்தாவின் முறை. அவர் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவுக்குள் நான் அதைப் பார்த்து முடிக்க வேண்டும்.